சுகமாகாத வீட்டுக்குத் திரும்பிப் போகிறவர்

எங்கள் கோயிலில் மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை மாலை குணமளிக்கும் செபக் கூட்டம் நடக்கும். பாட்டு, வேத வாசகம், அப்புறம் நோயாளிகளை வரிசையாக நாற்காலியில் உட்கார வைத்துத் தலையில் கை வைத்துச் செபிப்போம். கடைசியில் சாட்சி. சுகம் கிடைத்தவர்கள் மைக்கில் வந்து ஆண்டவருக்கு நன்றி சொல்வார்கள். கூட்டம் கைதட்டும். அடுத்த வாரம் செபக்குழுவினர் அந்த வீடுகளுக்குப் போய் நன்றிச் செபம் சொல்லி, காபி குடித்துவிட்டு வருவார்கள்.

அந்த வீடுகளுக்கு ஒருத்தர் மட்டும் வர மாட்டார்.

"அவுங்கதான் நல்லாயிட்டாங்கல்ல, அப்புறம் நாம எதுக்கு? நாம போனா அந்தம்மா பாலுக்கு ஓடணும். போவட்டும், நல்லா இருக்கட்டும்" என்பார்.

அவர் போவதெல்லாம் மற்ற வீடுகளுக்கு. செபித்தும் சுகமாகாதவர்களின் வீடுகளுக்கு.

அவர் காரைக்கால் கும்பகோணம் தனியார் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்ந்தவர். பங்கு முழுக்க அவருக்குக் கண்டக்டர் அண்ணன் என்றுதான் பேர். ஞானஸ்நானப் பேரைச் சொன்னால் பாதிப் பேருக்கு யாரென்று தெரியாது. அதனால் நானும் எழுதவில்லை.

ஓடுகிற பஸ்ஸில் நின்று நின்று இரண்டு முழங்காலும் போய்விட்டன. வலது கால் மடங்கவே மடங்காது. கோட்டுச்சேரியில் எனக்குப் பஞ்சர் கடை. ஒரு டிவிஎஸ் வண்டியும் இருந்தது. அதனால் அவரை ஏற்றிக்கொண்டு போகிற வேலை எனக்கு வந்தது. பின்னால் உட்கார்ந்து மடங்காத காலைப் பக்கவாட்டில் நீட்டிக்கொள்வார். சந்துகளில் எதிரே வருகிறவர்கள் சுவரோரம் ஒதுங்குவார்கள். "ரைட், ரைட், போலாம்" என்று பின்னாலிருந்து குரல் கொடுத்துக்கொண்டே வருவார். பள்ளம் வந்தால் "ஓல்டான்!" என்று கத்துவார். வண்டி ஓட்டுவது நானா அவரா என்று எனக்கே சந்தேகம் வரும்.

டீக்கடையில் ஒருத்தன் அவரைச் சீண்டாமல் விடமாட்டான். "என்னா கண்டக்டரே, ஊருக்கெல்லாம் கை வக்கிறீங்க. ஒங்க முட்டிக்கு ஒரு கை வச்சிக்கக் கூடாதா?"

"எனக்கு வேற ஆளுதான்டா வக்கணும். நீ வந்து வையேன். கையக் கழுவிட்டு வா."

மற்றவர்கள் கண்ணை இறுக மூடிக்கொண்டு உரக்கச் செபிப்பார்கள். ஸ்டாப்பிங் பேர் கத்திக் கத்தி அவருக்குத் தொண்டை கட்டிப்போயிருந்தது. நோயாளியின் காதோரம் குனிந்து மெல்லத்தான் பேசுவார். அதற்கு முன்னால் "எங்க வலிக்கிது? எப்ப ஆரம்பிச்சிது? டாக்டரு என்னா சொன்னாரு?" என்று ஒவ்வொன்றாகக் கேட்பார். பின்னால் வரிசை நீண்டுகொண்டே போகும். செபக்குழுத் தலைவர், ஓய்வுபெற்ற வாத்தியார், நல்ல மனிதர், "சீக்கிரம் சீக்கிரம்" என்று கையைக் காட்டுவார். இவர் அசைய மாட்டார்.

ஆண்டவர் சுகம் தருகிறார் என்பதில் எனக்குச் சந்தேகம் கிடையாது. கண்ணால் பார்த்திருக்கிறேன். திருவேட்டக்குடியிலிருந்து ஒரு அம்மா, மகன் இறந்த அதிர்ச்சியில் பேச்சு நின்றுபோய் வந்தவர், இவர் கை வைத்திருக்கும்போதே "அப்பா" என்று அழுதார். அதற்கப்புறம் பேச்சு நிற்கவில்லை. அந்தம்மா மறுநாள் ஒரு கூடை மீன் கொண்டுவந்தபோது இவருக்கு வெட்கமாகப் போய்விட்டது. "சொகம் குடுத்தது ஆண்டவரு, மீனக் குடுத்தது நீங்க, பொரிக்கிற வேல மட்டுந்தான் என்து" என்று சொல்லிப் பாதியைப் பக்கத்து வீடுகளுக்குப் பகிர்ந்தார். அந்த வீட்டுக்கு அவர் போனதே இல்லை.

ஆனால் நெடுங்காட்டுக்கு மாதம் தவறாமல் போவோம். அங்கே பிறவியிலேயே காது கேளாத ஒரு சின்னப் பெண் இருந்தாள். அப்பாவும் அம்மாவும் வயல் வேலை செய்கிறவர்கள். நாங்கள் கேள்விப்பட்டுப் போய்ச் செபித்தோம். ஒன்றும் ஆகவில்லை. அடுத்த தடவை போனபோது அந்தத் தாய் வாசலிலேயே கைகட்டி நின்றாள்.

"இன்னும் கேக்கலண்ணே. எங்க மேல ஏதாச்சும் கொறயா? விசுவாசம் பத்தலயோன்னு அன்னிக்கு வந்த சார் சொன்னாரு."

"ஒங்க மேல ஒரு கொறயும் இல்லம்மா. பாப்பா எங்க?"

பழைய கண்டக்டர் விசில் அவர் சட்டைப்பையில் எப்போதும் இருக்கும். அதை அந்தப் பெண் பிடுங்கிக்கொண்டு கன்னம் உப்ப ஊதுவாள். ஊதும்போது அவர் கன்னத்தைத் தொட்டுப் பார்ப்பாள். அவர் முகத்தைச் சுளித்துக் காதைப் பொத்துவார். அதைப் பார்க்கத்தான் அவள் ஊதுவது. "அவளுக்குக் கேக்கல, சரி. நமக்குக் காது போயிடும்போல இருக்கு" என்பார். அப்புறம் அவள் தலையில் கை வைத்து, முதல் நாள் கேட்டதையே மறுபடியும் கேட்பார். காதுகேளாதோர் பள்ளியில் அவளுக்கு இடம் கிடைத்துப் போகிற வரைக்கும் போய்க்கொண்டிருந்தோம்.

அந்தத் தாய் அப்படிக் கேட்ட அன்றைக்கே, திரும்பி வந்ததும் வாத்தியாரிடம் நேராகப் போனார். "சார், விசுவாசத்தப் பத்தி சொகமானவங்கள்ட்ட எவ்வளவு வேணாலும் பேசுங்க. ஆவாதவங்கள்ட்ட பேசாதீங்க." வாத்தியாருக்கு முகம் சுருங்கிவிட்டது. ஆனாலும் கேட்டுக்கொண்டார்.

இப்படி ஏன் அலைகிறீர்கள் என்று ஒருநாள் வண்டியில் போகும்போது கேட்டேன்.

"டிக்கெட்டக் கிழிச்சிக் குடுத்துட்டு நடுவழியில எறங்கிப்போன கண்டக்டர நீ எங்கயாச்சும் பாத்திருக்கியா தம்பி?" என்றார். வேறு காரணம் இருந்ததா என்று எனக்குத் தெரியாது.

அவரை நான் முழுசாகத் தெரிந்துகொண்டது என் அக்கா வீட்டு விஷயத்தில்தான்.

அக்கா வீடு காரைக்கால் டவுனில், கோயிலுக்கு இரண்டு தெரு தள்ளி. மச்சானுக்குத் திடீரென்று பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் குழறிப்போனது. பெரிய ஆஸ்பத்திரியில் உயிரைக் காப்பாற்றிவிட்டார்கள். தினமும் அழைத்துவந்து கைகால் பயிற்சி கொடுக்க வேண்டும், இந்தச் சில மாதங்களை விட்டால் விரல்கள் மடங்கியது மடங்கினபடியே நின்றுபோகும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அக்காவும் ஒழுங்காக அழைத்துப்போய்க்கொண்டிருந்தாள்.

முதல் வெள்ளி வந்தது. மச்சானைக் கூட்டத்துக்குக் கொண்டுவந்தோம். கை வைத்தது கண்டக்டர் அண்ணன்தான். பாட்டு ஏறிக்கொண்டே போனது. சுற்றிலும் எல்லோரும் கைகளை உயர்த்தியிருந்தார்கள். மச்சான் சட்டென்று நாற்காலியை விட்டு எழுந்தார். அண்ணன் தோளைப் பிடித்துக்கொண்டு பீடத்தைப் பார்த்துக் காலை இழுத்து இழுத்து நடந்தார். கோயிலே அதிர்ந்தது. யாரோ அக்கா கையில் மைக்கைக் கொடுத்தார்கள்.

"என் வீட்டுக்காரரு நடந்துட்டாரு! ஆண்டவரு முழுசா சொகம் குடுத்துட்டாரு!" என்று அழுதுகொண்டே சொன்னாள். நானும் அழுதேன்.

மறுநாள் காலை மச்சானால் கட்டிலை விட்டு எழ முடியவில்லை.

அது எனக்கும் தெரியாது. அக்கா என்னிடம்கூடச் சொல்லவில்லை. மச்சானைச் சென்னையில் மகள் வீட்டுக்கு அனுப்பிவிட்டதாக எல்லோரிடமும் சொன்னாள். தெருப்பக்கத்து ஜன்னலைச் சாத்தினாள். பூசைக்கு மட்டும் தனியாக வந்து முன் வரிசையில் உட்கார்ந்தாள். நானும் நம்பினேன். கண்டக்டர் அண்ணன் நம்பவில்லை.

"அக்கா வீட்டுக்கு வண்டிய விடு தம்பி."

"மச்சாந்தான் நல்லாயிட்டாரேண்ணே. நல்லான வீட்டுக்கு நீங்க போவ மாட்டீங்களே?"

"அன்னிக்கி அவரு நடந்தது என் தோளு மேல. அவரு பாரம் மொத்தமும் என்கிட்ட இருந்திச்சி. நல்லானவன் பாரம் அப்படி இருக்காது. அப்பவே சொல்லியிருக்கணும். அந்தக் கைதட்டுல எனக்கும் வாய் வரல."

போனோம். கதவை ஒரு சாண் அளவுக்குத் திறந்தாள் அக்கா. "அவரு ஊர்ல இல்லண்ணே." அவள் சொல்லி முடிப்பதற்குள் உள்ளேயிருந்து மச்சான் இருமுகிற சத்தம் கேட்டது. நான் அக்கா முகத்தைப் பார்த்தேன். அண்ணன் காதில் விழாதவர் மாதிரி, "சரிம்மா, குடிக்கத் தண்ணி குடு" என்றார். குடித்துவிட்டு வந்துவிட்டோம்.

அடுத்த வாரமும் போனோம். "ஊர்லேர்ந்து வந்துட்டாராம்மா?" "இல்லண்ணே." மறுபடி தண்ணீர். அதற்கடுத்த தடவை அவள் தண்ணீர் கொண்டுவரவில்லை. கதவைப் பிடித்தபடி உடைந்து அழுதாள்.

"நான் மைக்குல சொன்னேண்ணே. ஆண்டவரு பேரச் சொல்லிச் சொன்னேன். இப்ப இவரு இப்படிக் கெடக்கிறத நாலு பேரு பாத்தா ஆண்டவரல்ல பொய்யும்பாங்க? எதுத்த வீட்டக்கா பாட்டுக்குழுவுல இருக்கறவ. என்னா நெனப்பா? ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனா வழியெல்லாம் நம்ம கோயில் ஆளுங்கதான். இவரு நடக்குற அன்னிக்கி வெளிய கூட்டிட்டு வரேன். அது வரக்கும் விட்டுடுங்க."

உள்ளே போய்ப் பார்த்தேன். மச்சானின் வலது கை விரல்கள் கோழிக்காலைப் போல உள்ளங்கைக்குள் மடங்கத் தொடங்கியிருந்தன. ஆஸ்பத்திரிப் பயிற்சி அந்த வெள்ளிக்கிழமையோடு நின்றுபோயிருந்தது.

ஊரில் வேறு எந்தப் பெண்ணாவது இப்படிச் செய்வாளா என்று யோசித்துப் பார்த்தேன். புருஷன் படுத்தால் ஆள் ஆளாகத் தேடி உதவி கேட்பாள். என் அக்கா, கடவுளுக்குக் கெட்ட பேர் வந்துவிடக் கூடாதென்று புருஷனை ஒளித்து வைத்தாள். அதைத் தப்பு என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. அவள் அன்பு அவ்வளவு பெரியது. அந்த அன்பில் ஒரு மனுஷனின் கை வீணாகிக்கொண்டிருந்தது.

அடுத்த முதல் வெள்ளியில் சாட்சி நேரம் வந்தது. கண்டக்டர் அண்ணன் காலை இழுத்துக்கொண்டு போய் மைக்கை வாங்கினார். அவர் மைக் பிடித்து நான் பார்த்ததே இல்லை.

"ஆண்டவருக்கு ஸ்தோத்திரம். நானும் சாட்சி சொல்லணும். என் முட்டிக்கு இந்தக் கோயில்ல எத்தனையோ வாட்டி கை வச்சிருக்கீங்க. சொகமாவல."

கூட்டம் சிரித்தது. அவரும் சிரித்தார்.

"சிரிங்க, பரவால்ல. இப்ப சிரிக்காமக் கேளுங்க. நான் கை வச்சும் சொகமாவாதவங்க நம்ம பங்குல நெறய பேரு. அவுங்க இங்க வர்றதில்ல. சொகமானா மைக்கக் குடுக்குறோம். ஆவலன்னா என்னத்தக் குடுக்குறோம்? பாத்தும் பாக்காத மாதிரி போயிடுறோம். அவுங்க ஆண்டவருக்கு அவமானம் வந்துடுமேன்னு கதவச் சாத்திக்கிட்டுக் கெடக்குறாங்க. அவரு எல்லாரு முன்னாலயும் சிலுவயில துணியில்லாமத் தொங்குனவருங்க. அவரு மானத்துக்கு நாம காவல் இருக்க வேணாம்."

முன் வரிசையில் அக்கா எழுந்து முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வெளியே போனாள். வாத்தியார் அவசரமாக ஒரு பாட்டை எடுத்தார்.

மறுநாள் நாங்கள் போனபோது அக்கா கதவைத் திறந்து, வாசலிலேயே மறித்துக்கொண்டு நின்றாள்.

"பேரு சொல்லலண்ணே, சரி. ஆனா கோயிலு முழுக்கப் பாத்தீங்க, என் பக்கம் மட்டும் பாக்காமப் பேசுனீங்க பாருங்க, அதுலயே எல்லாருக்கும் தெரிஞ்சிபோச்சி. என்ன நடுத்தெருவுல நிறுத்திட்டீங்க."

"தப்புத்தாம்மா. அத நான் யோசிக்கல."

"இனிமே வராதீங்க."

கதவு சாத்தப்பட்டது. நான் வண்டியை எடுத்தேன். அவர் ஏறவில்லை. அக்கா வீட்டு வாசல் படியில் மெல்ல உட்கார்ந்து, மடங்காத காலைத் தெருவில் நீட்டிக்கொண்டார்.

எனக்குக் கோபம் வந்தது. எங்கள் குடும்பத்து மானம் போனது போதாதா என்று இருந்தது. "வாங்கண்ணே, அதான் வர வேணாங்குதே" என்றேன்.

"நீ போயி கடயப் பாரு தம்பி. நான் செத்த ஒக்காந்துட்டு வரேன்."

போகவும் மனசு வரவில்லை. வெயில் ஏறியது. போகிற வருகிறவர்கள் அந்தக் காலைச் சுற்றிக்கொண்டு போனார்கள். "என்னா கண்டக்டரண்ணே, இங்க ஒக்காந்திருக்கீங்க?" என்று எதிர்வீட்டு அக்காவே கேட்டாள். "முட்டி வலி தாங்கல" என்றார்.

சாத்திய ஜன்னலின் கதவு உள்ளேயிருந்து தட்டப்பட்டது. ஒருதரம், மறுபடி இன்னும் பலமாக. மச்சான்தான். விழாத கையால் பலகையை அடித்துக்கொண்டிருந்தார். கூடவே பேச்சாகாத அந்தக் குரல். அக்கா அதட்டுவது கேட்டது. அவர் விடவில்லை. கடைசியில் கதவு திறந்தது.

"உள்ள வாங்க. அவருக்கு நீங்கதான் வேணுமாம். பொண்டாட்டி வேணாமாம்" என்றாள் அக்கா. கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

அண்ணன் கட்டிலோரம் உட்கார்ந்து மச்சானின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்கப் பார்த்தார். மச்சான் வலியில் அலறினார். அலறிவிட்டு, கையை இழுத்துக்கொள்ளாமல் மறுபடியும் நீட்டினார். அப்புறம் அண்ணன் அவர் தலையில் கை வைத்தார். அந்த வெள்ளிக்கிழமை கேட்டதையே கேட்டார். கை கால் வர வேண்டும், பேச்சு வர வேண்டும். ஒரு வார்த்தையைக்கூடக் குறைக்கவில்லை. இடையில் ஒன்றுமே நடக்காத மாதிரி கேட்டார்.

அக்கா தயங்கித் தயங்கிக் கேட்டாள். "அதயே திருப்பிக் கேட்டா ஆண்டவருக்குக் கோவம் வராதாண்ணே?"

"அவரு என்னா டெப்போ மேனேஜராம்மா?"

மச்சானுக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. வாய் ஒரு பக்கமாகக் கோணிக்கொள்ள, எச்சில் வழிய, குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அக்கா முந்தானையால் அவர் வாயைத் துடைத்தாள். துடைத்தவள் அந்த மடங்கிய விரல்களை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"காலயில ஒரு ஆட்டோ சொல்லுங்கண்ணே" என்றாள். "விடியறதுக்குள்ள வேணாம். ஆஸ்பத்திரி தொறக்குற நேரத்துக்கே வரட்டும்."

மறுநாள் அண்ணனுக்குத் தெரிந்த பாய் ஒருத்தர் ஆட்டோ கொண்டுவந்தார். தெருவில் நல்ல நடமாட்டம் இருந்த நேரம். மார்க்கெட்டிலிருந்து பெண்கள் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். நானும் பாயும் மச்சானைத் தூக்கிப் பிடித்து வாசலுக்குக் கொண்டுவந்தோம். பல நாள் கழித்து வெளிச்சம் பட்டதில் அவருக்குக் கண் கூசியது. அண்ணன் முன்னால் வரவில்லை. சுவரோரம் ஊன்றி நின்றுகொண்டார்.

எதிர்வீட்டு அக்கா மீன்பையோடு நின்றுவிட்டாள்.

"இது என்னாடி, அவரு சென்னையிலல்ல இருக்காருன்ன? மைக்குல சொன்னியே, முழுசா நல்லாயிட்டாருன்னு?"

என் அக்கா மச்சானின் செருப்பைச் சரிசெய்துகொண்டிருந்தாள். நிமிர்ந்தாள்.

"சென்னைக்கெல்லாம் போவலக்கா. வீட்டுலதான் இருந்தாரு. இன்னும் சொகமாவல. நீங்களும் செபம் பண்ணிக்கங்க."

அந்த அக்கா என்ன சொல்லப்போகிறாளோ என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் மீன்பையைத் தரையில் வைத்தாள். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து, நடுத்தெருவில், மச்சான் தலையில் வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டு சத்தமாகவே ஆரம்பித்தாள்.

பாய் கையை நீட்டி, ஓடிக்கொண்டிருந்த ஆட்டோ இன்ஜினை அணைத்தார்.